ஜப்பானில் செண்டாய் நகரில் இருக்கும் செல்வத்துக்கு

சேலம்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ராத்திரி நிலநடுக்கத்தில் கட்டில் ஆடியதும் பேத்தி சத்தம் போடாமல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். சங்கு ஊதியதும் அம்மா ஓடிப்போய் அலமாரியில் இருக்கும் பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் அண்டாவில் வட்டம் வட்டமாக அலை எழும். நாம் பார்த்த நடுக்கம் அவ்வளவுதான். உனக்கு இப்போது போன்தான் சங்கு. பூமிக்குள் வேகமாக ஓடிவரும் சின்ன அலையைக் கருவி பிடித்து, பின்னால் பெரிய அலை வருவதற்குள் அறிவித்துவிடுகிறதாம். கிடைப்பது சில விநாடிகள்தான். மேஜைக்கு அடியில் நுழைய அது போதும்.

ஜப்பானுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் இடம் பசிபிக் கடலைச் சுற்றிவரும் நெருப்பு வளையத்தின் மேல். அங்கே கடலடித் தட்டு, அதாவது கடலுக்கு அடியில் இருக்கும் பூமி ஓட்டின் பெரிய துண்டு, ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வீதம் உங்கள் தீவுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. உரசி, சிக்கி, ஒருநாள் விடுபட்டால் நிலநடுக்கம். உள்ளே போன தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலே இருக்கும் சூடான பாறையைச் சுலபமாக உருக வைத்துவிடும். அந்தக் குழம்பு மேலே வந்தால் எரிமலை. ஆகவேதான் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிலி, அலாஸ்கா, பிலிப்பைன்ஸ் எல்லாம் இதே வளையம்தான். 1960இல் சிலியில் வந்த 9.5 அளவுதான் இதுவரை கருவிகளில் பதிவானதிலேயே பெரியது. 2004இல் நம் கடற்கரையை அழித்த சுனாமி சுமத்ராவில் புறப்பட்டது. அங்கேயும் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில்தான் போகிறது. அதே வரிசையில் அந்தமானுக்குக் கிழக்கே இருக்கும் பாரன் தீவுதான் நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை.

நம் சேர்வராயன் மலைப் பாறைக்கோ 250 கோடி வயது இருக்கும். தட்டு விளிம்பெல்லாம் வெகு தூரம். அதற்காக நமக்கு ஒன்றும் வராது என்று இருக்க முடியவில்லை, செல்வம். 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் ஆடியிருக்கிறது. 1993இல் மகாராஷ்டிராவில் லாத்தூர் நிலநடுக்கத்தில் என்ன ஆயிற்று? அதுவும் பழைய, அசையாத நிலம் என்று நம்பிய இடம்தான். விடிவதற்கு முன்னால், எல்லோரும் தூங்கும்போது, மண் வைத்துக் கட்டிய கனத்த கல் சுவர்கள் சரிந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போனார்கள். உங்கள் ஊரில் அந்த அளவுக்கு ஆடினால் பலர் எழுந்து, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுவர்தான். இங்கே தெருவுக்குத் தெரு, மெல்லிய தூண் மேல் மாடிக்கு மேல் மாடி எடுக்கிறார்கள். பார்க்கவே மனசு பதறுகிறது. எங்கள் மாடிக்குக் கம்பி கட்டும்போது மேஸ்திரியை நிறுத்தி, தூணைச் சுற்றும் வளையத்தை நெருக்கமாகப் போட வைத்தேன். செலவு கொஞ்சம் கூடியது, பரவாயில்லை.

வேறு செய்தி என்றால், ஏற்காட்டில் மழை நல்லபடி பெய்திருக்கிறது. உன் தங்கை வீட்டில் எல்லோரும் சுகம்.

அப்புறம் ஒன்று. கட்டில் தலைமாட்டில் கண்ணாடி போட்ட அப்பா படம் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். அதை இன்றைக்கே கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டு. படுத்தபடியே பார்க்கலாம்.

அன்புடன்,
ராஜு