தராசின் ஓசையும் ஒரு கட்டுரைதான்: மத்திய, ஊவா மாகாணத் தமிழ்மொழி ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரிய ஆலோசகர்களே,

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் நான், மாணவர்கள் கைப்பேசியில் ஆக்கும் காணொளியையும் ஒலிப்பதிவையும் படக்கட்டுரையையும் எழுத்துக் கட்டுரைக்கு நிகரான ஆக்கமாக ஏற்று, பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அவற்றுக்கு இடந்தருமாறு கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு தரம் 10 மாணவர் ஐவரிடம், 'எங்கள் தோட்டத்தில் ஒரு நாள்' என்ற, எழுதி எழுதிச் சலித்த தலைப்பையே கொடுத்துக் காணொளியாகச் செய்யச் சொன்னேன். முதல் வரைவில் பனிமூட்டமும் கொழுந்துக் கூடையும் இருந்தன. அவற்றின் மேல் சினிமாச் சோக இசை. "இந்த இசை யாருக்காக அழுகிறது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் இசையை எடுத்துவிட்டு, கொழுந்து நிறுக்குமிடத்தின் ஓசையை வைத்துக் கொண்டுவந்தார்கள். நிறுப்பவர் "இருபத்திரண்டு" என்று சொல்வது கேட்கிறது. திரையிலோ ஒரு தாயின் சிறு கொப்பியில் 19 என்று பதிவாகிறது. விளக்கவுரையாக ஒரு சொல்லும் இல்லை. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்பதை அறிந்த எவருக்கும் அந்த மூன்று கிலோவின் கனம் விளங்கும். இதையே எழுத்தில் சொல்லியிருந்தால் கேள்வியை எழுதியவர் கேட்டிருப்பார். இங்கே பார்ப்பவரே கேட்டுக்கொள்கிறார்.

நான் அங்கே நிறுத்த விடவில்லை. மழைநீருக்கும் சாக்குக்கும் எடையில் கழித்துக்கொள்வதாக நிறுப்பவர் தந்த விளக்கத்தையும் சேர்க்கச் சொன்னேன். அவர் பேசும்போது ஒரு மாணவி வறண்ட பாதையைக் காட்டினாள். கூர்மையான வெட்டுத்தான். ஆனால் அந்தப் பாதை வேறொரு நாளில் எடுக்கப்பட்டது என்று வகுப்பில் தெரியவந்ததும், ஒரு பாடவேளை முழுவதும் வாதிட்டு, அவர்களே அதை நீக்கினார்கள். முகம் காட்ட விரும்பாத தாயின் கைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விமர்சன நோக்கு என்று ஆசிரியர் கைந்நூல்களில் நாம் வாசிப்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

பரிசளிப்பு விழாவில் அதைக் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. தோட்ட நிர்வாகத்தைப் பகைக்க முடியாது என்றார்கள். தண்ணீருக்கும் விளையாட்டிடத்துக்கும் தோட்டத்தை நம்பியிருக்கும் பாடசாலையின் அச்சம் எனக்கும் புரியாமலில்லை. ஆயினும் அதே விழாவில், தேயிலையின் பசுமையைப் புகழ்ந்த பேச்சுக்குக் கேடயம் கிடைத்தது.

1996இல் நியூ லண்டன் குழு என அறியப்படும் பத்துக் கல்வியாளர்கள், எழுத்தறிவு என்பது எழுத்தோடு நிற்பதன்று, படம், ஒலி, உடலசைவு, இடம் ஆகியவற்றாலும் பொருள் ஆக்கப்படுகிறது என்று எழுதினார்கள். மலையகத்துக்கு இது புதிதன்று. எங்கள் மரபுக் கூத்தான காமன் கூத்தில் தப்புப் பறையும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தே பொருள் தருகின்றன. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளரின் நிலையை மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். தெரிந்த மெட்டில் தெரியாத கேள்வியை ஏற்றும் அந்த உத்தியைத்தான் இன்று பிள்ளைகள் கைப்பேசியில் கற்கிறார்கள்.

புதிய கருவி எதையும் நான் கேட்கவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளின் வீடுகளில் இன்று ஒரு கைப்பேசியாவது இருக்கிறது. ஐவருக்கு ஒன்று போதும், தொகுப்பதற்கு இணையமும் வேண்டியதில்லை. நான் கேட்பது புள்ளித்திட்டம் ஒன்றை. அதில் தொழினுட்ப மினுக்குக்குக் குறைவாகவும், எந்த ஒலியை, எந்தப் படத்தை ஏன் தெரிந்தோம் என மாணவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்கு நிறைவாகவும் புள்ளி இருக்கட்டும். படம் பிடிக்கப்பட்டவரின் சம்மதமும் மறுதரப்பின் கூற்றும் கட்டாயமாகட்டும். அவ்வாறு ஆக்கப்பட்ட ஒன்றைத் தடுப்பதாயின், காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்ற விதியும் வேண்டும்; வாய்மொழித் தடைக்கு மேன்முறையீடு செய்ய வழியில்லை.

அக்காணொளியின் நீளம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அடுத்த வலயக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். நிகழ்ச்சி நிரலில் அவ்வளவு நேரத்தை ஒதுக்கித் தாருங்கள்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலைத் தமிழாசிரியை ஒருவர்