காரணம் தேடாமல் பாகங்களை மாற்றிய சேவை மையம் குறித்த புகார்

அனுப்புநர்:
லாரி உரிமையாளரும் ஓட்டுநரும்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
லாரி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 2014 மாடல் பத்துச் சக்கர லாரியில் விட்டுவிட்டு வந்த இன்ஜின் திணறலைக் கண்டறியாமல், மூன்று முறை பாகங்களை மாற்றி ரூ.71,350 வசூலித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் லாரியை 2014-ஆம் ஆண்டு புதிதாக வாங்கி, அன்று முதல் இன்றுவரை நானே ஓட்டிக் குடும்பம் நடத்தி வருகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வழியாகப் புனே போய், அங்கே கிடைக்கும் லோடுடன் திரும்புவது என் வழக்கம். பத்து வருடங்களுக்கு மேலாக இந்த இன்ஜின் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. வண்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புகார் தங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் என் வண்டியைப் பார்த்த விதம் பற்றியது.

கடந்த சித்திரை மாதம் 16 டன் லோடுடன் தொப்பூர் கணவாயில் தர்மபுரி நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது இந்தத் திணறல் முதல்முறையாக வந்தது. ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று இழுவை விட்டுப் போனது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் இன்ஜின் வேகம் எடுக்கவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்துத் தானாகவே பிடித்து ஏறியது. மேடு முடிவதற்குள் ஐந்தாறு முறை இப்படி ஆனது. பின்னால் வரும் கனரக வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி ஏறும் அந்தச் சாலையில் லோடு வண்டி இழுவை விட்டால் ஓட்டுகிறவன் மனம் என்ன பாடுபடும் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் ஓசூரைத் தாண்டிய பிறகு அந்தத் திணறல் இருந்த சுவடே தெரியவில்லை. அங்கிருந்து புனே வரை எத்தனையோ மேடுகளை எந்தக் குறையும் இல்லாமல் ஏறியது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வரத் தொடங்கினேன். எந்த இடம், எவ்வளவு எடை, என்ன கியர், புகை எப்படி இருந்தது என்பதையெல்லாம் நான்கு டிரிப்புகளுக்கு எழுதி வைத்தேன். திணறும்போது கரும்புகை வரவில்லை. புகைக்குழாய் வெறுமையாகவே இருந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்பில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் குமிழை) பத்துப் பதினைந்து முறை அடித்தால் சிறிது தூரத்துக்கு வண்டி நன்றாக இழுக்கும். சேலத்தில் இரண்டு நாள் நின்ற பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். புனேயில் இரண்டு நாள் நின்றால் அப்படி ஆவதில்லை. இவ்வளவையும் எழுதிய நோட்டைத் தங்கள் சேவை மையத்தின் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியின் குறையையும் செய்யும் வேலையையும் பதியும் ஜாப் கார்டில் "பிக்கப் இல்லை" என்ற இரண்டே வார்த்தைகள்தான் எழுதப்பட்டன.

முதல் முறை இரண்டு டீசல் ஃபில்டர்களையும் ஏர் ஃபில்டரையும் இன்ஜினுக்குக் காற்று போகும் ஒரு டர்போ ஹோஸையும் மாற்றி ரூ.9,850 வாங்கினார்கள். டீசல் ஃபில்டர் மாற்றியதில் எனக்கு மறுப்பில்லை. அது எங்கேயும் முதலில் செய்கிற வேலை. ஆனால் காற்று போதாமல் திணறும் டீசல் இன்ஜின் கரும்புகை தள்ளும் என்பதும், புகையே இல்லாமல் திணறினால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள் என்பதும் பட்டறையில் ஆறு மாதம் வேலை கற்ற பையனுக்கும் தெரிந்தவை. நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் ஏர் ஃபில்டரையும் ஹோஸையும் கழற்றியிருக்கவே தேவையில்லை.

இரண்டாம் முறை, டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்பை இறக்கி கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் மாற்றி ரூ.54,300 வாங்கினார்கள். கேலிபரேஷனுக்கு முன்பு பம்பின் அளவுகள் என்னவாக இருந்தன, பின்பு என்னவாக மாறின என்று காட்டும் பெஞ்ச் ரிப்போர்ட் கேட்டேன், தரவில்லை. பழைய நாசில்களைக் கேட்டேன், "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்" என்றார்கள். வெறும் வண்டியைச் சமதளமான பைபாஸ் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜாப் கார்டில் "பழுது சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த டிரிப்பிலேயே தொப்பூரில் அதே இடத்தில் அதே திணறல் வந்தது. மூன்றாம் முறை ஃபீட் பம்பை மாற்றி ரூ.7,200 வாங்கினார்கள். அப்போது வண்டி ஆறு நாள் அங்கேயே நின்றது. நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி வேண்டுமென்று புனே வியாபாரிகள் நாள் எண்ணிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த லோடு வேறு வண்டிக்குப் போனது.

மூன்றாம் முறையும் திணறல் தீராதபோது மேற்பார்வையாளர் சொன்ன பதிலைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். "இது கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டி. ஸ்கேனர் போட்டுப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பாகமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்" என்றார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகை மாசு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கோளாறை கம்ப்யூட்டரே குறித்து வைக்கிறது என்பதும், என் வண்டியின் பம்ப் முழுக்க இயந்திர முறையில் ஓடுவது என்பதும் உண்மைதான். ஆனால் ஸ்கேனர் இல்லாத காலத்திலும் இதே நிறுவனத்தின் வண்டிகளை மெக்கானிக்குகள் பார்த்து, கேட்டு, தொட்டுச் சரிசெய்துதான் அனுப்பினார்கள். பாகத்தை மாற்றிப் பார்ப்பது சோதனை என்றால், அந்தச் சோதனையின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்? "டீசல் கசிவு எங்கும் இல்லை, அதனால் லைனில் குறை இருக்க முடியாது" என்றும் அவர் சொன்னார். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை விழுந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இதை நான் ஒரு சேவை மையத்துக்கு எழுதிப் புரியவைக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் குறையைக் கண்டுபிடித்தவர் சங்ககிரியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதான பம்ப் மெக்கானிக். என் நோட்டை முழுவதும் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க தம்பி, டீசல் எங்கீங்க போடுவீங்க?"

தமிழ்நாட்டைவிட கர்நாடகாவில் விலை குறைவு என்பதால், திரும்பும்போது மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய நிப்பாணியில் டேங்கை நிரப்பிக்கொண்டு சேலம் வந்துவிடுவேன். மீதமிருக்கும் டீசலை வைத்து அடுத்த டிரிப்பில் ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி வரை போய், அங்கே மறுபடி நிரப்புவேன். புனே போகும்போதும் நிப்பாணியில் டேங்கை நிறைத்துக்கொள்வேன். ஆகவே தொப்பூர் ஏறும்போது டேங்கில் எப்போதும் பாதிக்கும் குறைவாகவே டீசல் இருக்கும். நான்கு டிரிப் குறிப்பெழுதிய எனக்கே டேங்க் அளவை எழுதத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியில் அத்தனையும் விளங்கிவிட்டது.

அவர் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழம் கண்ணாடி போன்ற ஹோஸை மாட்டி, இன்ஜினை ஓட விட்டு ஆக்சிலேட்டரை ஏற்றச் சொன்னார். மஞ்சள் டீசலுக்குள் கடுகு அளவில் குமிழ்கள் வரிசையாக ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, 20 லிட்டர் கேனிலிருந்து நேராக டீசல் எடுக்க வைத்தார். ஒரு குமிழ்கூட இல்லை. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் அடைத்துத் தண்ணீர் வாளியில் முக்கி மறுமுனையில் ஊதினார். குழாயின் நடுவில், பற்றவைத்த இடத்தை ஒட்டி, தலைமயிர் அளவு விரிசலிலிருந்து குமிழ் வந்தது. டீசல் அந்த விரிசலுக்கு மேலே நிற்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. கீழே இறங்கியதும் குழாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மேட்டில் டீசல் பின்பக்கமாக ஒதுங்குவதும், முழு இழுவைக்கு டீசல் அதிகம் தேவைப்படுவதும் சேர்ந்துகொள்ள வண்டி திணறியிருக்கிறது. நிற்கும்போது அதே வழியாகக் காற்றுப் புகுந்து லைனிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கியதால்தான் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. புதுக் குழாயும் காப்பர் வாஷர்களும் கூலியும் சேர்த்து ரூ.1,800 ஆனது. அதன்பின் ஐந்து டிரிப் போய்வந்துவிட்டேன், திணறல் இல்லை.

எனவே தங்களிடம் நான் கோருவது: நாசில் மாற்றியதற்கும் கேலிபரேஷனுக்கும் ஃபீட் பம்புக்கும் வாங்கிய ரூ.61,500-ஐத் திருப்பித் தர வேண்டும். அந்த வேலைகள் தேவைப்பட்டன என்று தங்கள் தரப்பு கருதினால், பெஞ்ச் ரிப்போர்ட்டையும் கழற்றிய நாசில்களையும் காட்ட வேண்டும். சரியாகாத வண்டிக்குச் சரியானதாக எழுதிய ஜாப் கார்டைத் திருத்தித் தர வேண்டும். இனி விட்டுவிட்டு வரும் பழுதுடன் வரும் வண்டிகளுக்கு ஓட்டுநர் சொல்வதை அப்படியே ஜாப் கார்டில் எழுதவும், லோடில் வரும் குறையை லோடிலேயே ஓட்டிப் பார்க்கவும் எல்லாச் சேவை மையங்களுக்கும் உத்தரவிட வேண்டும். பணம் எனக்குத் தேவைதான். ஆனாலும் இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனெனில் என்னைப் போல ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் பலர் அதே வாசலில் காத்து நிற்பதை அந்த ஆறு நாளும் பார்த்தேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே வண்டி வாங்கி ஓட்டுகிறவனையும் நுகர்வோராகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது என்பதால், பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். மூன்று ஜாப் கார்டுகள், பில்கள், என் நோட்டின் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். விரிசல் விட்ட குழாய் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தங்கள் பொறியாளர் எவர் வந்தாலும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி ஊதிக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி உரிமையாளர்
(பெயர், வண்டிப் பதிவு எண், தொலைபேசி எண் இணைப்பில்)