சம்பல் பாட்டிலும் மலைக் கொதிநிலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் சமையற்கூடத்திலோ உணவுத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்துவிட்டு வந்து, நீலகிரியில் சம்பல் (மலாய் மிளகாய்த் தொக்கு) பாட்டில் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அங்கே கற்றது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

100 கிராம் காய்ந்த மிளகாய்க்கு 250 கிராம் சின்ன வெங்காயம், 25 கிராம் பூண்டு, சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) 15 கிராம், எண்ணெய் 200 மில்லி. (பெலாச்சானுக்குப் பதில் வறுத்த சென்னாக்கூனி போடலாம், ஆனால் அது புளித்ததல்ல, அந்த ஆழம் வராது.) மிளகாயை இங்கே கூடுதல் நேரம் வேகவிட்டால்தான் தோல் மசியும். சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது வதக்க வேண்டும். மலாய்க்காரர்கள் ‘பெச்சா மிஞ்ஞாக்’ என்பது நாம் சொல்லும் எண்ணெய் கக்கும் பதம். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அந்தப் பள்ளத்தில் தெளிந்த சிவப்பு எண்ணெய் ஊற வேண்டும். கலங்கலாக ஊறினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

மேலே எண்ணெய் நின்றால் கெடாது என்று நம்பிவிடக் கூடாது. பூண்டோடு மண்ணிலிருந்து வரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது. காற்றுப் புகாத எண்ணெய்க்கடி அதற்குத் தோதான இடம். நஞ்சு ஊறினாலும் வாடை காட்டிக்கொடுக்காது. புளிக்கரைசல் சேர்த்து பிஎச் அளவை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6க்குக் கீழே, 4.2 வரை இறக்குவதே பாதுகாப்பு. காகிதப் பட்டையில் பார்க்காதீர்கள், மிளகாய்ச் சிவப்பே அதில் ஏறிவிடும். எண்ணெயை வடித்து, விழுதை அரைத்து, பிஎச் மீட்டரில் பாருங்கள். 85 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பாட்டிலில் நிரப்பி மூடுங்கள். பாட்டிலைக் கொதிநீரில் வைத்து எடுக்கும் முறையென்றால், சமவெளி நேரத்தோடு ஊட்டியில் 15 நிமிடம் கூட்ட வேண்டும்.

தேங்காய்ப்பாலில் இறைச்சியை வற்றவிட்டுச் செய்யும் ரெண்டாங் வேறு கதை. இறைச்சியும் தேங்காய்ப்பாலும் அமிலம் குறைந்தவை. அந்த வித்தைக் கொல்ல 121 டிகிரி வேண்டும். 15 பவுண்டு அழுத்தக் குக்கர் கடற்கரையில் அதை எட்டும், ஊட்டியில் 117 டிகிரியோடு நின்றுவிடும். அழுத்தமானியில் 18.5 பவுண்டு காட்ட வேண்டும். வீட்டுக் குக்கருக்கு அந்த வேலை கிடையாது. ரிட்டார்ட் (தொழிற்சாலை அழுத்தக் கலன்) இல்லாதவர்கள் ரெண்டாங்கை உறைபெட்டியில் வைத்து விற்கட்டும்.

இன்னொன்று: அங்கே வழக்கமான பாமாயில், மார்கழிப் பனியில் இங்கே வெள்ளையாக உறையும். வாங்கியவர் பூஞ்சை என்று பாட்டிலைத் திருப்பித் தருவார். சூரியகாந்தி எண்ணெய் உறையாது.

உணவுத் தொழில் பயிற்சி நடத்துவோர் சமவெளிக் கையேட்டை அப்படியே வாசிக்காமல், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எனத் தனித்தனியாகக் கொதிநிலையும் நேரமும் எழுதி ஓர் அட்டை தர வேண்டும். வகுப்பில் ஒரு பிஎச் மீட்டராவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உணவு பதப்படுத்தும் தொழிலில் உள்ளோர் சிலர்,
குன்னூர்.