காரைக்குடி காபிக்கடைகளுக்கு ஒரு திறந்த மடல்: அந்தச் சக்கையை எங்களுக்குத் தாருங்கள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஹோட்டல், காபிக்கடை, பேக்கரி நடத்தும் முதலாளிமார்களுக்கும், ஊர் எழும் முன்னே வந்து பாய்லரைப் பற்றவைக்கும் மாஸ்டர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டிகாக்‌ஷன் இறங்கியதும் பில்டரைக் கவிழ்த்துத் தட்டி எறிகிறீர்களே, அந்தக் காபிச் சக்கை எங்களுக்கு வேண்டும். வீட்டில் உரம் தயாரிக்கத்தான். எச்சில் இலையோடும் மிஞ்சிய சாம்பாரோடும் சேராமல் தனியாக ஒரு வாளியில் போட்டு வைத்தால் போதும், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். வாளியும் எங்களுடையது, கழுவுவதும் எங்கள் வேலை.

நாங்கள் என்றால் யார் என்று கேட்பீர்கள். சங்கம், டிரஸ்ட் என்று எதுவும் கிடையாது. செக்காலை, கழனிவாசல், கோட்டையூர், பள்ளத்தூர் என்று அங்கங்கே வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணோ, மொட்டைமாடியில் நாலு தொட்டியோ வைத்துக்கொண்டு கறிவேப்பிலை, கத்திரி, மல்லிகை, எலுமிச்சை வளர்க்கிறவர்கள். உங்கள் கடையில் தினமும் காபி குடிக்கிறவர்கள்தான், முகம் பார்த்தால் தெரியும்.

நம் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செம்மண், சரளை, கொஞ்சம் தோண்டினால் செம்பாறை. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையும் மேலோடு ஓடி ஊருணிக்குப் போய்விடும், செடியின் வேரில் நிற்காது. இந்த மண்ணில் எதை நட்டாலும் மக்கிய உரம் சேர்த்தால்தான் ஈரம் தங்கும். முன்பு இதற்கு யாரும் அலையவில்லை, பின்கட்டைத் தாண்டினால் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டிக் குப்பைக்குழி, சாணமும் சாம்பலும் சருகும் அதில் விழுந்து ஒரு வருஷத்தில் எருவாகிவிடும். இப்போது டவுனுக்குள் மாடு வைத்திருக்கும் வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நர்சரியில் பாக்கெட் பாக்கெட்டாக மண்புழு உரம் வாங்குகிறோம், அதைச் சின்னத் தொட்டிக்கு வாங்கலாம், வாழைக்கும் முருங்கைக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாது. வேப்பஞ்சருகும் மாஞ்சருகும் தெருவெல்லாம் கிடக்கிறது, ஆனால் வெறும் சருகு லேசில் மக்காது. அதை மக்கவைக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) உள்ள ஈரமான பொருள் ஒன்று கூடவே வேண்டும். வீட்டுக் காய்கறித் தோல் அதற்குக் காணாது.

அங்கேதான் உங்கள் சக்கை வருகிறது. காபிச் சக்கையில் காய்ந்த எடைக்குச் சுமார் 2 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 20 பங்கு கரிமம் (கார்பன்) என்கிற கணக்கில் அமைந்திருப்பதால், பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் உரக்குழியைப் பொறுத்தவரை அது பச்சை இலையின் வேலையைச் செய்கிறது. சருகோடு கலந்துவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளம்பும், கொஞ்சம் பெரிய குவியலாக இருந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியஸ் வரைக்கும்கூட ஏறும், கையை விட்டால் வைத்திருக்க முடியாது. அந்தச் சூடு நிலைத்து நின்றால் களைவிதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அடங்கிவிடும். மண்புழுவும் அளவோடு கலந்த காபிச் சக்கையை விரும்பித் தின்னும்.

"சிக்கரி கலந்த தூளாச்சே, பரவாயில்லையா" என்று ஒரு மாஸ்டர் அக்கறையோடு கேட்டார். பரவாயில்லை. சிக்கரியும் ஒரு செடியின் வேர்தான், வறுத்து அரைத்தது. காபி-சிக்கரித் தூளில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம், ஆக எந்தக் கடைச் சக்கையானாலும் பாதிக்கு மேல் காபிதான். அப்புறம், காபிச் சக்கை போட்டால் மண் புளித்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு உங்கள் டம்ளருக்குப் போய்விடுகிறது. வடித்தபின் மிஞ்சுவது நடுநிலையை ஒட்டியே இருக்கும், நன்றாக மக்கியபின் அந்தக் கவலையே வேண்டாம். பாம்பு வராது, பூச்சி அண்டாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் நம்பி நாங்கள் கேட்கவில்லை. மண்ணுக்கு உரம் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இனி உங்கள் பக்கத்துச் சங்கடத்துக்கு வருகிறேன். கேட்கப் போன இடங்களில் முதலாளிகள் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். கஞ்சத்தனத்தால் யாரும் மறுக்கவில்லை, குப்பைக்குப் போவதில் யாருக்கு என்ன கஞ்சத்தனம். தயக்கம் வேறு. இதை வாங்கிக்கொண்டு போகிறவன் காயவைத்து, சாயம் ஏற்றி, நல்ல தூளில் கலந்து விற்றுவிட்டால் நாளைக்குப் பெயர் கெடுவது நம் கடைக்குத்தானே என்கிற பயம். அந்தப் பயம் நியாயமானது. வடித்த தேயிலையைக் காயவைத்து நிறம் ஏற்றி மறுபடி விற்பது இந்த நாட்டில் நடக்கிற கலப்படம். வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி உணவுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. தேயிலைக்கு நடப்பது காபிக்கு நடக்காது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வது? முன்பின் தெரியாதவர் வந்து மூட்டையாகக் கேட்டால் தராதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. நாங்கள் கொண்டுவரும் வாளியில் அடியிலேயே இரண்டு கை சாம்பலும் செம்மண்ணும் போட்டிருக்கும். சக்கையை அதன்மேல்தான் நீங்கள் கொட்டப் போகிறீர்கள். எடுத்துப் போகும்போது உங்கள் கண்ணெதிரில் ஒரு குச்சியால் கிளறிக் காட்டுகிறோம். மண்ணும் சாம்பலும் கலந்ததை எவனும் திரும்பத் தூளாக்கி விற்க முடியாது, எங்கள் உரத்துக்கோ அதனால் ஒரு குறையும் இல்லை. யார் எடுக்கிறார்கள் என்று கடைக்கு ஒருவராக முடிவு செய்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் உங்கள் கல்லாவில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அவரைத் தவிர வேறு யார் வந்து கேட்டாலும் தரவேண்டாம். வீடு எங்கே, குழி எங்கே என்று பார்க்க விரும்பினால் எந்த நேரமும் வரலாம், போகும்போது நாலு கத்திரிக்காயோடு போகலாம்.

இரண்டாவது சங்கடம் நாங்கள் சொன்னபடி வருவோமா என்பது. முதல் வாரம் ஆசையாக வந்துவிட்டு அடுத்த வாரம் காணாமல் போனால், நாறுகிற வாளியை வைத்துக்கொண்டு நிற்கப் போவது கடைப் பையன்கள். ஈரச் சக்கையை மூடி வைத்தால் சில நாளிலேயே பச்சைப் பூசணம் பிடித்துப் புளித்த வாடை அடிக்கும். ஆகவே தினமும் எடுப்பதாக இருந்தால் மட்டும் ஆரம்பிப்போம். காலை நெருக்கடி அடங்கிய பிறகு பத்து மணிக்கு மேல் ஒரு தடவை, மாலை வியாபாரம் முடிந்தபின் ஒரு தடவை, இதில் உங்களுக்கு எது தோதோ அது. வெளியூர் போகிறவர் பக்கத்துத் தெருக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். எந்த நாள் வாளி எடுபடவில்லையோ, அந்த நாளோடு நிறுத்திவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மாஸ்டர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஏற்பாடு நடப்பதும் நடக்காததும் உங்கள் கையில்தான் இருக்கிறது, முதலாளி சரி என்றுவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுவார். எதிரே டபரா வரிசை, பின்னாலிருந்து "அண்ணே, நாலு காபி, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்று குரல், அந்த வேகத்தில் பில்டரைத் தட்டுவதற்குக் கை எட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதில்தான் விழும். அதனால் வாளியை எங்கே வைப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் இடத்தில் நாங்கள் வந்து இடம் பார்க்கக்கூடாது. அடியில் நன்றாக வடிந்த பில்டரைக் கவிழ்த்தால் சக்கை குழாய்ப்புட்டு மாதிரி உடையாமல் வட்டமாக விழுகிறதே, அந்தப் பதம் எங்களுக்கு மிக நல்லது, தண்ணீர் சொட்டாது, தூக்கவும் லேசு. பேப்பர் கப், சர்க்கரைப் பாக்கெட், பால் ஏடு மட்டும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பர் கப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது. டீச் சக்கையும் உரத்துக்கு நல்லதுதான், துணிப்பையில் வெறும் தண்ணீரில் வடித்ததாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்த தூள் என்றால் வேண்டாம், எறும்பும் ஈயும் மொய்த்து உங்கள் கடைக்குத்தான் தொந்தரவு.

உங்களுக்கு இதில் என்ன லாபம் என்றும் சொல்லவேண்டும், வியாபாரம் செய்கிறவர்களிடம் புண்ணியத்தை மட்டும் பேசக்கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் சக்கையைக் கரைத்து விடுகிற கடைகள் உண்டு. அது தண்ணீரோடு போய்விடுவதில்லை, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாய் வளைவில் படிந்து இறுகும், அப்புறம் பிளம்பருக்குக் கூலி. குப்பையில் போட்டாலோ, தண்ணீரைக் குடித்துக்கொண்ட சக்கை நீங்கள் போட்ட தூளைவிடக் கூடுதல் எடையில் நிற்கிறது, அதைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற தூய்மைப் பணியாளரின் தோளை நினைத்துப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மக்குவதையும் மக்காததையும் உற்பத்தியாகும் இடத்தில் பிரிக்கவேண்டும் என்று வந்துவிட்டது. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, இனி இந்தக் கெடுபிடி கூடுமே தவிரக் குறையாது. பிரிக்காமல் கிடங்கில் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாக வெளியேறும் அதே சக்கை, எங்கள் குழியில் காற்றோட்டத்தோடு மக்கினால் மண்ணாகிறது. புதிய யோசனையும் இல்லை இது, அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் கடைகள் 1995 முதலே தோட்டக்காரர்களுக்குச் சக்கையைச் சும்மா கொடுத்து வருகின்றன. நம்மைவிடக் காபியை ருசித்துக் குடிக்கிற ஊர் எது? நாமும் செய்யலாம்.

எடுத்துப்போய் நாங்கள் ஒழுங்காகப் பயன்படுத்துவோமா என்றும் உங்களுக்குத் தெரியவேண்டும். அப்படியே தொட்டியில் அள்ளிக் கொட்டுவதில்லை. சக்கை மிக நைசான தூள், மேலாகப் பரப்பினால் வெயிலில் காய்ந்து இறுகி, ஊற்றிய தண்ணீரைக் கீழே விடாது. அதில் மிஞ்சியிருக்கும் கஃபீன் என்கிற பொருள் நாற்றுக்கும் ஆகாது, விதை முளைப்பதைத் தடுக்கும். அதனால் குழியில் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை போகாமல் வைத்துக்கொண்டு, மீதிக்குச் சருகு, தேங்காய் நார், காய்கறித் தோல், கிடைத்தால் கொஞ்சம் சாணக் கரைசல் சேர்க்கிறோம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிர்ந்து மண்வாசம் வந்துவிடும். ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் ஒரு வீட்டுக்கு நிறையத் தேவைப்படாது, ஒரு பெரிய ஹோட்டலின் சக்கையை நாலைந்து வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். கடைகள் கூடினால் வீடுகளையும் நாங்கள் கூட்டுவோம், வாங்கி வைத்து வீணாக்க மாட்டோம்.

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடிப் பக்கத்திலும் பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களுக்கு வேறொரு வேண்டுகோள். உங்களிடம் தோட்டம் இருக்கிறது, தோட்டக்காரரும் இருக்கிறார். நீங்கள் எங்களுக்குத் தரவே வேண்டாம், உங்கள் சமையலறைச் சக்கையை உங்கள் மாமரத்துச் சருகோடு சேர்த்து ஒரு மூலையில் குழி போடுங்கள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் அதைக் காட்டலாம், ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் பார்க்க வந்தவர்கள் இதையும் விருப்பமாகப் பார்ப்பார்கள்.

அப்புறம் கல்யாணச் சமையல்காரர்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளெல்லாம் முகூர்த்த மாதத்தில் திறந்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வளவு நிறைய ஆட்கள் வந்து இறங்கும்போது, விடிகாலை முதல் காபி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓரிரண்டு நாளில் ஒரு வீட்டில் சேருகிற சக்கை சின்னக் கடையில் பல நாள் சேருகிறதற்குச் சமம். விசேஷம் முடிந்ததும் எல்லாம் இலையோடு சேர்ந்து ஒரே குவியலாகப் போகிறது. முந்தின நாள் ஒரு போன் செய்தால் இரண்டு வாளியோடு வந்து பின்வாசலில் வைத்துவிடுகிறோம், விருந்துக் கூட்டத்துக்குக் குறுக்கே வரமாட்டோம்.

காபிக் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைக்காரர்களையும் விடவில்லை. வறுக்கும்போது கொட்டையிலிருந்து கழன்று பறக்கிற மெல்லிய தோலைக் கூட்டித்தானே அள்ளுகிறீர்கள், அதுவும் குழியில் நன்றாக மக்கும். ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே தமிழ்நாட்டில் தடை, கேரி பேக்கில் கட்டித் தரவேண்டாம், சாக்கு நாங்கள் கொண்டுவருகிறோம்.

இந்த மடலைப் படித்துவிட்டுச் சம்மதம் என்றால், காபி குடிக்க வருகிற எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள், மறுநாளே வாளி வரும். ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றாலும் சம்மதமே. இடமில்லை, ஆளில்லை, வேண்டாம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், மனவருத்தம் கிடையாது, காபிக்கு அங்கேதான் வருவோம்.

அன்புடன்,
காரைக்குடி வீட்டுத் தோட்டக்காரர்கள் சார்பில் ஒருவர்