நீ ஏறின மலையோட பேரு

ராசா,

கோஸியஸ்கோ மலையில எடுத்த போட்டோ எல்லாம் வந்துச்சுப்பா. இரும்பு வலை போட்ட பாதையில நீ நடந்து போறது, உச்சியில அந்த அடையாளக் கல்லுகிட்ட கையத் தூக்கிட்டு நிக்கிறது, எல்லாத்தையும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன், காத்துல உன் முடி நிக்கிற நிலையப் பார்த்துட்டு மருமகள கூட்டிட்டுப் போகாதது நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன், ஏழாம் மாசத்துல அந்தக் காத்துல எதுக்கு நிக்கணும்.

போட்டோவுக்குக் கீழ நீ எழுதியிருந்தியே இன்னொரு விஷயம், அதுக்கு ஒரு வாரமா நான் பதில் போடல. அம்மா கோவமா இருக்கான்னு நினைச்சிருப்ப. கோவம் இல்ல. என்ன சொல்லணும்னு எனக்கே தெளிவு வரட்டும்னு இருந்தேன். ஆபீஸ்ல யாருக்கும் நம்ம சர்நேம் வாயில நுழையல, கம்ப்யூட்டர்ல பாதி எழுத்துக்கு மேல வெட்டிடுது, எல்லாரும் கடைசித் துண்ட மட்டும் பிடிச்சுக்கிட்டு நேதன் நேதன்னு கூப்பிடுறாங்க, அதனால குழந்தை பொறந்ததும் சர்நேம் நேதன்னே போட்டுடலாம், என் பேரையும் அப்படியே மாத்திக்கிறேன்னு எழுதியிருந்த. எழுதும்போது உனக்குமே கை நின்னுருக்கும், அது உன் வாக்கியத்தப் பார்த்தாலே எனக்குத் தெரியுது.

அது உன் அப்பா பேரு. பாஸ்போர்ட்டுக்கு சர்நேம் வேணும்னு சொன்னப்ப அவங்க பேர அந்தக் கட்டத்துல எழுதிக் கொடுத்தோம், அதுவரைக்கும் நமக்கெல்லாம் இனிஷியல் மட்டும்தான். கல்யாணமாகி 36 வருஷத்துல அந்தப் பேர நான் வாயத் தொறந்து சொன்னது கிடையாது. ரேஷன் கடையில கேட்டா பக்கத்துல இருக்கிறவங்க சொல்லுவாங்க, பேங்க்ல எழுதிக் காட்டுவேன். அவங்க போயி நாலு வருஷமாகியும் சொல்லல. நான் சொல்லாத பேர அவ்வளவு தூரத்துல யாரு யாரோ தினமும் கூப்பிடுறாங்கன்னு நினைச்சா எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, அது உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்ல.

சரி, மலைக்கு வரேன். 31 வருஷம் ஜியாகரபி எடுத்தவ நான். ஆஸ்திரேலியாவோட உயரமான சிகரம் கோஸியஸ்கோ, 2228 மீட்டர்னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அது ஒரு மனுஷனோட பேருன்னு தெரியும், போலந்துக்காரர்னு தெரியும், அதுக்கு மேல நான் போனதில்ல. நீ அங்க நிக்கிறதப் பார்த்ததும் தேட ஆரம்பிச்சேன், ஒரு வாரமா அதேதான் வேலை, பால் ரெண்டு தடவ பொங்கிருச்சு. முதல்ல உச்சரிப்பே நான் சொல்லிக் கொடுத்தது இல்ல. அவங்க ஊர்ல கொஷ்ச்சூஷ்கோ. அதுலயும் 'சூ'வுக்குத்தான் அழுத்தம். நீ ஒரு தடவ சத்தமா சொல்லிப் பாரு, ரெண்டாவது தடவையிலயே வந்துரும், எனக்கே வந்துருச்சு.

இப்ப முக்கியமான விஷயம். இந்தப் பேரு ஆரம்பத்துல குடும்பப் பேரே கிடையாதுப்பா. ஒரே ஒரு ஆளோட செல்லப் பேரு. 500 வருஷத்துக்கு முன்னாடி, இன்னைக்கு பெலாரஸ்ல இருக்கிற ப்ரெஸ்ட் பக்கம், கொன்ஸ்தான்தின்னு ஒருத்தர், அரசவையில வேலை பார்த்தவரு. நாம சுப்பிரமணிய சுப்புன்னு கூப்பிடுற மாதிரி அவர கோஸ்த்யூஷ்கோன்னு கூப்பிட்டிருக்காங்க, அந்த 'யூஷ்கோ' அந்தப் பக்கத்து பாஷையில சின்னப் பிள்ளையக் கொஞ்சும்போது சேர்க்கிற வால். அம்மாவோ பாட்டியோ முதல்ல கூப்பிட்டிருப்பாங்கன்னு நானா நினைச்சுக்கிறேன், வேற யாரு அப்படிக் கூப்பிடுவா. 1509-ல மன்னர் முதலாம் சிகிஸ்மண்ட் அவருக்கு ஷெக்னோவிச்சேங்கிற கிராமத்தக் கொடுத்தாரு. அப்ப அவரோட முழுப் பேரு கோஸ்த்யூஷ்கோ ஃபியோதரோவிச். ஃபியோதரோவிச்னா ஃபியோதரோட மகன். அதாவது நம்ம இனிஷியல்தான் அது, நாம ஒரு எழுத்துல முடிச்சுக்கிறத அவங்க முழுசா எழுதியிருக்காங்க! இதப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. நமக்கு மட்டும்தான் இப்படி, வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் சர்நேம் ஆதியிலேருந்தே இருந்துச்சுன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா அப்பா பேரு உதிர்ந்துபோச்சு, செல்லப் பேரு நின்னுருச்சு. நம்ம பக்கம் கல்யாணப் பத்திரிகையில இன்னார் வகையறான்னு போடுவோமே, அதே மாதிரி அவரோட பிள்ளைங்க பேரப் பிள்ளைங்க எல்லாரும் கோஸ்த்யூஷ்கோ வகையறா ஆயிட்டாங்க, கூடவே ஊர்ப் பேரையும் சேர்த்து கொஷ்ச்சூஷ்கோ ஷெக்னோவிட்ஸ்கின்னு எழுதியிருக்காங்க. அந்த 'ஸ்கி' பெரும்பாலும் ஊர்லேருந்து வர்றது. குடும்பம் அடியில ருத்தேனியக் குடும்பம், அதாவது இன்னைக்கு பெலாரஸ், உக்ரைன்னு சொல்ற பக்கத்து ஜனங்க, போகப் போக போலிஷ் பேசுறவங்களா மாறினதும் 'ஸ்த்யூ'ங்கிறது போலிஷ் வாயில 'ஷ்ச்சூ' ஆயிருச்சு. பேரு மாறத்தானே செய்யுதுன்னு நீ கேப்ப. மாறுது, இல்லைங்கல. ஆனா அது சொந்த வீட்டுக்குள்ள, பேசுற பாஷை மாறினதால தலைமுறை தலைமுறையா மெதுவா மாறினது, பேர் பாதியில வெட்டுப்படுதுன்னு ஒரு நாள்ல வெட்டிக்கிட்டது இல்ல, எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத் தெரியல.

இன்னொரு விஷயம், போலிஷ்ல ஆம்பளைக்கு கோவால்ஸ்கின்னா பொம்பளைக்கு கோவால்ஸ்கா, தெரியுமில்ல. இந்தப் பேருக்கு அது கிடையாது, ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் கொஷ்ச்சூஷ்கோதான். பிறக்கப்போறது பொண்ணா இருந்தாலும் உன் அப்பா பேரு அப்படியே பொருந்தும்னு உடனே எனக்குத் தோணுச்சு, சம்பந்தம் இருக்கோ இல்லையோ.

மலைக்குப் பேர் கொடுத்தவரு அந்த வகையறாவுல 1746-ல பொறந்த ததேயுஷ். பொறந்த இடம் மெரெச்சோவ்ஷ்சிஸ்னா, அதுவும் இப்ப பெலாரஸ்தான், அந்த வீட்டத் திருப்பிக் கட்டி 2004-லேருந்து மியூசியமா வச்சிருக்காங்க. அமெரிக்காவுக்குப் போயி சுதந்திரப் போர்ல கோட்டை கட்டிக் கொடுத்தாரு, சரடோகாவுல, அப்புறம் வெஸ்ட் பாயிண்ட்ல. அங்க அவரு பேரு பட்ட பாடு இருக்கே, வாஷிங்டனே ஒரு லெட்டர்ல எழுதின மாதிரி இன்னொரு லெட்டர்ல எழுதல, ததேயுஷ தாடியஸ்னு ஆக்கிட்டாங்க. ஆனா அவரு தன் சர்நேம அவங்களுக்காக சின்னதாக்கிக்கல. ஊருக்குத் திரும்பி வந்து 1794 மார்ச் 24 கிராகோவ் சந்தைத் திடல்ல சத்தியம் பண்ணி ரஷ்யாவுக்கு எதிரா கிளர்ச்சிய ஆரம்பிச்சாரு.

அந்தக் கிளர்ச்சியில பேரு சம்பந்தமாவே ஒரு சம்பவம் நடந்துச்சு, உனக்குச் சொல்லாம இருக்க முடியாது. ஏப்ரல் 4, ரட்ஸ்வாவிட்செங்கிற இடத்துல சண்டை. குடியானவங்க வயல்ல புல் அறுக்குற நீளக் கைப்பிடி அரிவாள நிமித்திக் கட்டி ஆயுதமாக்கிக்கிட்டு வந்திருக்காங்க. அதுல பர்தோஷ்னு ஒருத்தர், பண்ணை அடிமை, ரஷ்யப் பீரங்கித் திரி எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே ஓடிப்போயி தன் தொப்பியப் போட்டு அமுக்கி அணைச்சுட்டாரு. அதுக்கு அவருக்கு என்ன கிடைச்சுது தெரியுமா, கொடி பிடிக்கிற பதவி, பண்ணையிலேருந்து விடுதலை, கூடவே ஒரு சர்நேம்! க்வொவாட்ஸ்கி. அதுக்கப்புறம் ரெண்டு மாசம்தான் அவரு உயிரோட இருந்தாரு, ஷ்செகோச்சினி சண்டையில பட்ட காயத்துல போயிட்டாரு. ரெண்டே மாசம் வச்சிருந்த பேரு, இன்னைக்கும் போலந்துல அவரு பேர்ல தெரு இருக்கு, சிலை இருக்கு. சர்நேம்ங்கிறது ஃபார்ம்ல ஒரு கட்டம்னு நாம நினைக்கிறோம், அந்த மனுஷனுக்கு அது நான் யாருக்கும் சொத்து இல்லைங்கிறதுக்கான அத்தாட்சி.

ததேயுஷ் கல்யாணமே பண்ணிக்கல, பிள்ளைகுட்டி இல்ல. கிளர்ச்சி தோத்து, பிடிபட்டு, பீட்டர்ஸ்பர்க்ல ஜெயில்ல இருந்து, கடைசியா 1817-ல ஸ்விட்சர்லாந்துல ஸோலொதூர்ன்ல இறந்தாரு. போலந்துல நோவாக்ங்கிற பேரு ரெண்டு லட்சம் பேருக்கு இருக்கு, அதுக்குப் பக்கத்துல வச்சா கொஷ்ச்சூஷ்கோ ரொம்ப அபூர்வம். அந்த ஷெக்னோவிச்சே கிராமம் இருக்கிற பக்கம் முழுக்க இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் சோவியத் எல்லைக்குள்ள போயிருச்சு, அங்க இருந்த போலிஷ் குடும்பங்கள் லட்சக்கணக்குல மூட்டை கட்டி மேற்க வ்ரோட்ஸ்வாஃப் அந்தப் பக்கமெல்லாம் போயி உக்காந்தாங்க, பேரும் அவங்களோட போச்சு.

ஆனா மனுஷங்ககிட்ட கொஞ்சமா இருக்கிற பேரு பூமியில எங்கெல்லாம் இருக்குன்னு பாரு. மேப் எடுத்து வச்சு நான் பென்சில்ல குறிச்சேன், பழைய பழக்கம். போலந்துல கொஷ்ச்சூஷ்கோ தெரு இல்லாத ஊரத் தேடித்தான் பிடிக்கணும். நியூயார்க்ல ப்ரூக்ளினையும் குயின்ஸையும் சேர்க்கிற பாலம். அலாஸ்காவுல ஒரு தீவு. இந்தியானாவுல ஒரு மாவட்டம், அதோட தலைமை ஊருக்கு வார்சான்னே பேரு வச்சிருக்காங்க. மிசிசிப்பில ஒரு சின்ன ஊரு, அதச் சொல்லியே ஆகணும், ஏன்னா ததேயுஷ் 1798-ல எழுதின உயில்ல அமெரிக்காவுல தனக்குச் சேர வேண்டிய பணத்துல கறுப்பின அடிமைகள விலை கொடுத்து விடுதலை பண்ணுங்க, படிக்க வைங்கன்னு எழுதி, பொறுப்ப பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன ஜெஃபர்சன்கிட்ட கொடுத்தாரு, ஜெஃபர்சன் அதச் செய்யல. அந்த ஆசை நடக்கவே இல்ல. ஆனா அவரு பேரு வச்ச மிசிசிப்பி ஊர்லதான் ஜேம்ஸ் மெரடித் பொறந்திருக்காரு, மிசிசிப்பி யுனிவர்சிட்டில 1962-ல சேர்ந்த முதல் கறுப்பின மாணவர். ஓப்ரா வின்ஃப்ரே பொறந்ததும் அதே ஊர்தான். ஜேம்ஸ் மெரடித் பேரப் படிச்சப்ப நான் ஃபோன கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

இப்ப உன் மலை. 1840-ல ஸ்த்ஷெலெட்ஸ்கின்னு ஒரு போலந்துக்காரர் ஏறியிருக்காரு. கிராகோவ்ல ததேயுஷுக்காக ஜனங்க மண்ணக் கொட்டி ஒரு மேடு கட்டினாங்க, 1820-லேருந்து 1823 வரைக்கும், அவரு சண்டை போட்ட இடத்துலேருந்தெல்லாம் மண்ணு கொண்டுவந்து போட்டிருக்காங்க, 34 மீட்டர் உசரம். அந்த மேட்டு மாதிரியே இந்தச் சிகரம் தெரியுதுன்னு ஸ்த்ஷெலெட்ஸ்கி இதுக்கு ததேயுஷோட பேர வச்சாரு. அப்ப போலந்துங்கிற நாடே மேப்ல கிடையாது, பக்கத்து நாட்டுக்காரங்க மூணு பேரு பங்கு போட்டு எடுத்துட்டாங்க, தன் நாட்டு வீரரோட பேர இன்னொரு கண்டத்தோட உச்சியில போயி எழுதியிருக்காரு. அந்த மலை அதுக்கு முன்னாடி பேரில்லாம ஒண்ணும் கிடக்கல, அது ங்காரிகோ ஜனங்களோட மண்ணு, அவங்களுக்கு அவங்க பேரு இருந்திருக்கும், அதையும் நீ மனசுல வச்சுக்கோ.

அப்புறம் ஆஸ்திரேலியாவுல எழுதும்போது நடுவுல இருந்த இசட் விழுந்துபோச்சு. கஷ்டமா இருக்குன்னு விட்டுருப்பாங்க. உன் ஆபீஸ்ல நடக்கிற அதே கதைதான். ஆனா 1997-ல அந்த இசட்ட திருப்பிப் போட்டாங்க ராசா, அரசாங்கமே, பலகையிலயும் மேப்லயும். பொறந்து 250 வருஷமாகி, செத்து 180 வருஷமான ஒருத்தரோட பேர்ல ஒரு எழுத்து தப்புன்னு நீ இருக்கிற நாடு உக்காந்து திருத்தியிருக்கு. அந்த ஊரு ஆளுங்களுக்கு உன் பேரையும் சொல்லிக் கொடுத்தா கத்துக்க மாட்டாங்களா? பொறுமையா ரெண்டு தடவ சொல்லிக் கொடு, எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தன்னு எனக்கு எழுது.

முடிவு உன்னோடதும் மருமகளோடதும்தான், அதுல நான் குறுக்க வர மாட்டேன். கூப்பிடுறதுக்கு வீட்ல என்ன செல்லப் பேரு வேணும்னாலும் வைங்க, யாரு கண்டா, அதுவே 500 வருஷம் நிக்கும். சர்நேம் கட்டத்துல மட்டும் அப்பா பேர அப்பா பேராவே எழுதணும்னு எனக்கு ஆசை. கட்டம் பத்தலைன்னா சின்ன எழுத்தா எழுதச் சொல்லி சண்டை போடு.

மருமகளுக்கு நார்த்தங்கா ஊறுகா பார்சல் போட்டாச்சு, அவளுக்கு வாய் கசக்குதுன்னு சொன்னியே. பங்குனி முடியவும் நான் அங்க வந்துடுவேன், விசாவுக்குக் கொடுத்தாச்சு.

இன்னொண்ணு. குழந்தைக்கு அந்தப் பேர எப்படிச் சொல்லணும்னு தெரியணும், உனக்கே இப்ப லேசா மாறிப்போயிருக்கும், அதனால முழுப் பேரையும் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கேன். மூணு தடவ எடுத்தேன், முதல் ரெண்டுல குரல் வரல. ஆபீஸ்ல வச்சு கேக்காத, வீட்டுக்குப் போயிக் கேளு.

அம்மா