மவுஸ் பழுதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கலியாணக் காட், இறந்தவர் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம், கோயில் நோட்டீஸ், கடை பனர் என்று கிளிநொச்சியில் இருந்தும் பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்தும் வருகிற உங்களுக்கு எங்கள் அச்சுக் கடையில் நடந்த மாற்றம் தெரியும். டிசைன் செய்த தம்பி வெளிநாடு போய்விட்டார். நல்லாயிருக்கட்டும். அந்தக் கதிரையில் இப்போது ஒரு தங்கச்சி இருக்கிறா. கொம்பியூட்டரும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறிவிட்டது. கீறுகிற வேலைக்கு இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப், கல்வெட்டுப் பக்கம் கட்ட ஸ்கிரைபஸ்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார்: "ஓசி சொப்ட்வெயர், மவுஸ்கூட ஒழுங்காய் வேலை செய்யாது, காசு மட்டும் வாங்கீனம்." அது வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி எங்கள் வீட்டுக் குறூப்புக்கே வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் இருக்கட்டும், மவுஸ் கதையை மட்டும் விளங்கப்படுத்தாமல் விட முடியாது.

அன்று அவர் தன் கடை பனரைப் பெரிதாக்கிப் பார்க்க மவுஸ் சில்லை உருட்டினார். படம் பெரிதாகாமல் மேலே ஓடி மறைந்தது. நாங்கள் முன்பு பாவித்த சொப்ட்வெயரில் சில்லை உருட்டினாலே பெரிதாகும். இங்க்ஸ்கேப்பில் கொன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு உருட்ட வேண்டும். சும்மா உருட்டினால் பக்கம் மேலும் கீழும் நகரும், ஷிஃப்டோடு உருட்டினால் பக்கவாட்டில் போகும். பழைய மாதிரி மாற்றவும் செட்டிங் இருக்கிறது. ஆனால் கிம்பிலும் ஸ்கிரைபஸிலும் கொன்ட்ரோலோடு உருட்டினால்தான் பெரிதாகும். ஒன்றை மட்டும் மாற்றினால், முன்பிரேக்கும் பின்பிரேக்கும் இடம் மாறிய சைக்கிள் ஓடுகிற மாதிரித்தான் தங்கச்சியின் கை தடுமாறும். யோசித்துத்தான் மூன்றையும் ஒரே மாதிரி விட்டிருக்கிறோம்.

அடுத்தது, தங்கச்சி இடக்கைக்காரி. மவுஸ் இடப்பக்கம் இருக்கும், இரண்டு பட்டனும் மாற்றி வைத்திருக்கும். வாடிக்கையாளருக்கென்று இன்னொரு மவுஸ் பூட்டிப் பார்த்தோம், அதற்கும் பட்டன் மாறித்தான் வேலை செய்தது. அந்த செட்டிங் ஒரு மவுஸுக்கு மட்டும் உரியதில்லை. அதனால்தான் பேஸ்புக்கில் எழுதிய அண்ணை "கிளிக்" பண்ண மெனு வந்தது. பழுது இல்லை, அண்ணை.

உண்மையாகவே இடைஞ்சல் தந்தது ஓல்ட் (Alt) கீ. இங்க்ஸ்கேப்பில் ஒரு படத்துக்கு அடியில் மறைந்திருக்கிற எழுத்தைப் பிடிக்க ஓல்ட் கீயோடு கிளிக் பண்ண வேண்டும். மின்டில் ஓல்ட்டோடு இழுத்தால் முழு ஜன்னலும் கையோடு வரும். கொம்பியூட்டரின் செட்டிங்கில் அந்த வேலையை சூப்பர் கீக்கு (விண்டோஸ் சின்னம் போட்ட கீ) மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. இதே சொப்ட்வெயர் விண்டோஸிலும் மக்கிலும் ஓடும், ஆனால் கீயும் பட்டனும் அந்தந்தக் கொம்பியூட்டர் விடுகிற மாதிரித்தான் நடக்கும். ஷோட்கட் கீகளை இங்க்ஸ்கேப்புக்குள்ளேயே விரும்பியபடி மாற்றலாம். மவுஸ் பட்டன்களுக்கு அந்த வசதி அங்கே இல்லை.

"ஓசி" என்ற சொல்லுக்கும் ஒரு பதில். அது களவெடுத்ததில்லை, செய்தவர்களே எல்லோரும் பாவிக்கலாம் என்று தந்தது. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியது. டொலரில் கட்டுகிற சந்தாவை அதன்பிறகு இந்தக் கடையால் தாங்க முடியவில்லை. "கிராக் போடுங்கோவன்" என்று, காசு கட்டாமல் பூட்டை உடைத்த களவுக் கொப்பியைப் பாவிக்கச் சொன்னவர்களும் உண்டு. அதோடு வைரஸும் வரலாம். உங்கள் பிள்ளைகளின் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் கிடக்கிற கொம்பியூட்டரில் அந்த விளையாட்டு எங்களுக்கு வேண்டாம். பனர் துணி, மை, பேப்பர் ஒன்றும் ஓசியில் வருவதில்லை. 2024 ஜனவரியில் இருந்து வற் (VAT) வரியும் 18 வீதம்.

பேப்பர் தட்டுப்பாட்டில் நாங்கள் கைவிரித்து நின்ற நாட்களிலும் வேறு இடம் தேடாமல் காத்திருந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. பேஸ்புக்கில் எங்களுக்காகக் கதைத்த ஆசிரியர்களுக்கும், சனசமூக நிலையப் பெடியளுக்கும் மனமார்ந்த நன்றி.

இனி டிசைனை உங்கள் பக்கம் திருப்பி வைத்த இரண்டாவது திரையில் பார்க்கலாம். எங்கே பெரிதாக்க வேண்டும் என்று சொன்னால் தங்கச்சி காட்டுவா. அச்சுக்குப் போக முன் பிடிஎஃப் உங்கள் போனுக்கு வரும், பெயர்களையும் திகதியையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பழைய டிசைனைத் திருத்துவதற்கு மேலதிகமாக ஒரு நாள் பிடிக்கும், டிசைன் கட்டணமும் 200 ரூபா கூடுகிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் பனர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். கடைசிக் கிழமையில் வந்தால் எங்களாலும் ஏலாது.

இங்ஙனம்,
உரிமையாளர்,
கிளிநொச்சி