மலை மாவட்டப் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்புத் தொழில்களைக் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 2 முடித்த மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் வழிகாட்டிப் பக்கங்களில், திரைப்படம், தொலைக்காட்சித் துறை குறித்த கட்டுரையைப் படித்தேன். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு ஆகியவற்றை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, படப்பிடிப்புத் தளத்தில் நாள் முழுவதும் நிற்கும் ஏனையோரை ‘பிற தொழில்நுட்பப் பணியாளர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நீலகிரியைப் போன்ற மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு உண்மையில் வேலை இருப்பது அந்த ஒரு வரிக்குள்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உதகை–கூடலூர் சாலையிலுள்ள ஷூட்டிங் மட்டத்தையும், கேத்தி ரயில் நிலையத்தையும், பைக்காராவையும் திரையில் பார்க்காத தமிழ் ரசிகர் இருக்க மாட்டார். ஆங்கில இயக்குநர் டேவிட் லீன், 1984இல் வெளிவந்த தமது கடைசிப் படத்துக்காக எங்கள் மலை ரயிலைத் தேடி வந்தார். படச்சுருளையே உதகை இந்து நகரில் தயாரித்த காலமும் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் எத்தனையோ குடும்பங்களை வாழவைத்து, பின்னர் நலிந்து மூடப்பட்டது. இவ்வளவு தொடர்பு இருந்தும், ஒரு படக்குழு மலையேறி வரும்போது உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைப்பவை வண்டி ஓட்டுவதும், அறை பிடித்துத் தருவதும், கூட்டத்தில் ஒருவராக நிற்பதும்தான். தொழில் தெரிந்து செய்ய வேண்டிய வேலைகளுக்கெல்லாம் ஆட்கள் சமவெளியிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள்; அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அந்தத் தொழில்களை எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே கற்றுத்தர யாரும் முன்வரவில்லை என்பதே என் வருத்தம்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். எனவே எனக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குகிறேன். படப்பிடிப்பில் லைட்மேன் என்றால் விளக்கைத் தூக்கி நிறுத்துபவர் என்றே பலர் எண்ணுகிறார்கள். 4,000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட் மின்சாரத்தில் 17 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும்; பங்களாச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டினால் என்ன நேரும் என்பது எங்கள் முதலாண்டு மாணவனுக்கே தெரியும். ஜெனரேட்டர் வண்டியின் மூன்று ஃபேஸ்களிலும் சுமையைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதும், பனியிலும் தூறலிலும் நனைந்த புல்மேல் கிடக்கும் கேபிள் இணைப்புகளைத் தரையில் படாமல் உயர்த்தி வைப்பதும், எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று விளக்கைப் போடுவதற்கு முன்பே சோதிப்பதும் உயிர் காக்கும் வேலைகள். இவற்றோடு ஒளியின் நிறத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு கூடக் கூட நீலம் கூடும்; பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5,600 கெல்வின், டங்ஸ்டன் விளக்கு 3,200 கெல்வின். மேகம் மூடினால் மலையின் வெளிச்சம் மேலும் நீலமாகும். அப்போது எந்த விளக்குக்கு எந்த நிற ஜெலட்டின் தாளைக் கட்டுவது என்பதை ஒளிப்பதிவாளர் சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும். ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த ஓர் இளைஞருக்கு இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். மீதியைச் சில மாதங்களில் கற்றுத்தந்துவிடலாம்.

மலையில் பிறந்தவருக்கே உரிய அறிவு தேவைப்படும் வேலை, படப்பிடிப்பு இடங்களை ஏற்பாடு செய்யும் லொகேஷன் மேனேஜருடையது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் படப்பிடிப்பைத் தொடர வாய்ப்புண்டு. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியை நனைக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும். எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு மூடுபனி ஏறும், எந்தக் கொண்டை ஊசி வளைவில் ஜெனரேட்டர் வண்டி திரும்பாது, எந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாலையானால் காட்டெருமைகள் இறங்கும் என்பவை சென்னையிலிருந்து வருபவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இந்த அறிவு மட்டும் போதாது. வனத்துறை, தோட்டக்கலைத் துறை, ரயில்வே, காவல்துறை ஆகியவற்றிடம் தனித்தனியே அனுமதி கேட்டுப் பிழையின்றி விண்ணப்பம் எழுதவும், வவுச்சர்களோடு கணக்கு ஒப்படைக்கவும், மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள இ-பாஸை ஒவ்வொரு வண்டிக்கும் எடுத்து வைக்கவும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கும் மாவட்டத்தில் நூறு பேருக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யவும் தெரிய வேண்டும். நம் ஊர்ப் பட்டதாரிகளுக்கு இவற்றில் எதுவும் எட்டாததல்ல.

உதவி இயக்குநர்களில் கண்டினியூட்டி, அதாவது காட்சித் தொடர்ச்சி, பார்ப்பவரின் வேலையும் அப்படித்தான். ஒரு காட்சியின் துண்டுகளைத் திரையில் வரும் வரிசையில் எடுப்பதில்லை; நாயகன் பேசுவதைக் காலை 10 மணி வெயிலில் எடுத்துவிட்டு, அதற்கு நாயகி சொல்லும் பதிலைப் பிற்பகல் பனியில் எடுத்தால் இரண்டையும் படத்தொகுப்பில் ஒட்ட முடியாது. சால்வை எந்தத் தோளில் கிடந்தது, பின்னணியில் வெயிலா மேகமா என்பதையெல்லாம் புகைப்படத்தோடு குறித்துவைக்கும் பொறுமை வேண்டும். ஒலிப்பதிவுக்குக் கூர்மையான காது வேண்டும். ஓடிடி தொடர்களில் நடிகர்களின் குரலைத் தளத்திலேயே பதிவுசெய்வது பெருகிவரும் இக்காலத்தில், காற்றின் இரைச்சலை மைக்கில் ஏறாமல் தடுப்பதும், தேயிலைத் தொழிற்சாலையின் தொலைதூர ஓசையை முன்கூட்டியே கவனித்துச் சொல்வதும், படத்தொகுப்பில் ஒலியின் இடைவெளிகளை நிரப்புவதற்காக ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தனியே பதிந்து வைப்பதும், மைக் கட்டிய நீண்ட கம்பான பூமைப் பிடிப்பவருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் உரிய கடமைகள். மெமரி கார்டுகளில் பதிவான அன்றைய காட்சிகளைக் குறைந்தது இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்துச் சரிபார்த்த பிறகே கார்டை அழிக்க விடும் டேட்டா பணியாளர் கவனக்குறைவாக இருந்தால், அத்தனை பேரின் ஒரு நாள் உழைப்பும் போய்விடும். உடையலங்காரம், ஒப்பனை, கலைத்துறைத் தச்சுவேலை ஆகியவற்றை நான் விளக்கத் தேவையில்லை. இவற்றில் பெரும்பாலானவை உடல் வலுவைவிடக் கவனத்தைக் கேட்கும் வேலைகள் என்பதால், எங்கள் பெண் பிள்ளைகள் தயக்கமின்றி முன்வரலாம் என்பதையும் பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாள்தோறும் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடர்களில் இதே வேலைகளை இன்னும் விரைவாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மலையில் வளர்ந்தவரின் பொறுமையும் ஒரு தொழில்திறன் ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக் குட்டிகளை வளர்த்த தம்பதியரைப் பற்றிய குறும் ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதன் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் உதகையில் வளர்ந்தவர்.

இவற்றை எங்கே கற்பது? 1945இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னை தரமணியில் இயங்கிவரும் அரசு திரைப்படக் கல்லூரி சிறந்த ஒளிப்பதிவாளர்களைத் தந்திருக்கிறது. ஆனால் அங்கு இடங்கள் குறைவு, படிப்பு நான்காண்டுகள், சென்னையில் தங்கும் செலவு தனி. தோட்டத் தொழிலாளியின் மகனோ மகளோ அதைக் கனவு காணலாமே தவிர, எல்லோரும் அடைய முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு சில மாதங்களில் இயக்குநராக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் மையத்தில் சேர்ந்து, கேபிள் சுற்றக்கூடக் கற்காமல் திரும்பிவந்த எங்கள் தெருப் பையன் ஒருவனை நான் அறிவேன். அவனுடைய தாய் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

குன்னூர், கூடலூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும், தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ஆறு மாதப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கலாம். ஊடகம், பொழுதுபோக்குத் துறைக்கான தேசியத் திறன் கவுன்சில் இத்துறையின் பல பணிகளுக்குத் தகுதித் தரங்களை வகுத்து வைத்திருப்பதால், பாடத்திட்டத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் பழனி மலைப் பெண்களுக்காக இதே முயற்சியை மேற்கொள்ளலாம். வகுப்பறை மட்டும் போதாது, தளத்தில் நின்றால்தான் இத்தொழில் கைவரும். எனவே படப்பிடிப்புக்கு அனுமதி வழங்கும்போது, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் இருவரையாவது ஊதியத்தோடு உதவியாளர்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை மாவட்ட நிர்வாகம் விதிக்கலாம். திரைப்படத் தொழிலாளர் சங்கங்களும் இவர்களைப் போட்டியாளர்களாகக் கருதாமல், உறுப்பினர் அட்டைக்கான கட்டணத்தைத் தவணைகளில் செலுத்த அனுமதித்தால் பேருதவியாக இருக்கும்.

தங்கள் வழிகாட்டிப் பக்கத்தில் இனி வரும் வாரங்களில், லைட்மேன், லொகேஷன் மேனேஜர், ஒலிப்பதிவு உதவியாளர், கண்டினியூட்டி பார்ப்பவர், டேட்டா பணியாளர் ஆகியோரின் வேலை, கல்வித் தகுதி, தொடக்க ஊதியம், சங்க விதிகள் ஆகியவற்றை அத்தொழிலில் இருப்பவர்களிடமே கேட்டு ஒவ்வொன்றாக வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐடிஐ சேர்க்கைக்கான விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே அவை வெளிவந்தால், பிள்ளைகளும் பெற்றோர்களும் எந்தப் பிரிவில் சேர்வது என்று யோசித்து முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.